யார் எழுதிக் கொடுத்தது?

ஒரு பெண் நன்றாக எழுதிவிட்டால் நம்மூரில் உடனே பிறக்கிற கேள்வி ஒன்று உண்டு: யார் எழுதிக் கொடுத்தது? ஆண்டாள் பாசுரங்களைப் பெரியாழ்வாரே பெண் பெயரில் பாடியிருப்பார் என்று சொன்ன பெரிய மனிதர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். அதற்கு எத்தனை காரணங்களை அவர்கள் அடுக்கினாலும், ஒரு சின்னப் பெண் இப்படிப் பாடியிருப்பாளா என்கிற திகைப்புதான் அடியில் கிடப்பதாக எனக்குத் தோன்றும். என் முதல் கவிதைத் தொகுப்பு வந்த ஆண்டு, ஓர் அறிமுகக் கூட்டத்தில் மூத்த கவிஞர் ஒருவர், என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற என் கணவரிடம் கேட்டார்: “நீங்க திருத்திக் குடுப்பீங்களா சார்?” என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். கவிதையைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பவர். “எனக்கு மீட்டர் ரீடிங்தான் சார் எழுத வரும்” என்றார். கவிஞர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இருக்கிற இடங்களும் உண்டு. வை.மு. கோதைநாயகி தம் முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வைத் தம் கையால் எழுதவில்லை. அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, தோழி எழுதினார். பிறகு எழுதப் பழகி, ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூறு நாவல்களுக்கு மேல் எழுதினார். அந்த நாடகம் யாருடையது என்பதில் இன்று யாருக்கும் குழப்பமில்லை. கை தோழியுடையது, கதை கோதைநாயகியுடையது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள், “அப்ப நாங்க போன்ல பேசிப் பேசி டைப் பண்றதும் அதானேம்மா” என்பார்கள். ஒரு வகையில் அதுவும்தான்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. எங்கள் கல்லூரிக்கு அது வந்து சேர ஓராண்டு ஆயிற்று. ஆரம்பத்தில் அது எழுதிய தமிழ், வாட்ஸப்பில் நகைச்சுவைத் துணுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது சிரிக்க முடிவதில்லை. ஒற்று மிகும் இடங்களில் பெரும்பாலும் மிகுத்து, பத்தி பிரித்து, துணைத்தலைப்பு போட்டு அசைன்மென்ட்டுகள் வருகின்றன. அதற்கென்று ஒரு நடையும் உண்டு. எல்லாமே ‘முக்கியப் பங்கு வகிக்கும்’. எல்லாமே ‘பன்முகத்தன்மை கொண்டதாக’ இருக்கும். நாற்பது தாளில் முப்பது தாள் சங்க இலக்கியத்தைக் ‘காலத்தைக் கடந்து’ நிறுத்தி வைத்திருக்கும். யாரோ ஒரு நல்ல பிள்ளை, எதிலும் ஆழமாக இறங்காமல், யார் மனமும் நோகாமல் எழுதிய தமிழ். எங்கள் பட்டிமன்றத் தமிழுக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதென்னவோ புதிதாக வந்த நோய் என்று பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. பல்கலைக்கழக வாசல்களில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் தட்டச்சு நிலையங்களுக்கும் தெரியும், எத்தனை ஆய்வேடுகள் அங்கேயே கருவாகி அங்கேயே பைண்டிங் ஆயின என்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், யூனிகோடு மட்டும் அறிந்த மென்பொருளுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதில் எதைப் போய்க் கண்டுபிடிப்பது? 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத்திருட்டுக்கு எதிரான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனையில்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்று படிநிலை வைத்தது. அதற்கு முன்பு பணம் கொடுத்து வாங்கிய பட்டங்களோடு வேலைக்கு வந்து, பதவி உயர்வு பெற்று, ஓய்வு பெற்றுப் போனவர்கள் உண்டு. அவர்களிடம் யாரும் ‘யார் எழுதிக் கொடுத்தது’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த மாணவியின் கதைக்கு வருகிறேன். முதுகலை இரண்டாமாண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்ததால் இளங்கலையில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கியவள். (அத்திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார் என்பது பயனடையும் பெண்களில் பலருக்குத் தெரியாது, அது வேறு கதை.) அப்பா செங்கல் சூளையில் வேலை. வகுப்பில் பேசமாட்டாள். புறநானூற்றின் 248ஆம் பாட்டைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். சிறிய வெள்ளாம்பலைப் பார்த்து ஒரு பெண் சொல்கிற பாட்டு அது. இளமையில் தழையாடையாக உதவிய அதே ஆம்பல், கணவன் இறந்தபிறகு வேளைகெட்ட வேளையில் தின்னும் புல்லரிசியாக ஆகிவிட்டது என்கிற நொந்த நினைப்பு. மிகச் சிறிய பாட்டு.

அவள் ஆறு பக்கம் எழுதியிருந்தாள். அல்லி அரிசியை எப்படி எடுப்பார்கள், காய் அழுகவிட்டு விதையை எப்படிக் கழுவிப் பிரிப்பார்கள், அது ஏன் ஏழையின் சோறு, அவளுடைய பெரியம்மா கணவன் செத்தபிறகு எந்நேரத்தில் சாப்பிட உட்காருவார், யார் யார் சாப்பிட்டு முடித்த பிறகு உட்காருவார் என்றெல்லாம். பாட்டில் ‘பொழுது மறுத்து’ உண்பதைப் பற்றி உரைகளில் ஒரு வரியில் கடந்துபோகிற விஷயத்தை அவள் இரண்டு பக்கம் பேசியிருந்தாள். அது பட்டினியைப் பற்றிய பாட்டு என்று நாம் நினைக்கிறோம், நேரத்தைப் பற்றிய பாட்டு என்று அவள் நினைக்கிறாள். கைம்பெண்ணின் வேளை அவள் கையில் இல்லை. இருபது வருடமாக இந்தப் பாட்டை நடத்துகிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

தாளைத் திருத்தியவர் என் சக ஆசிரியர். “இது ஜிபிடி” என்றார். எப்படி என்றேன். “அந்தப் புள்ளைக்கு இப்படி எழுத வராதும்மா.” இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற, எந்திரம் எழுதியதா மனிதர் எழுதியதா என்று சொல்கிற ஒரு கருவியில் ஒரு பக்கத்தை அடித்துப் போட்டார். பெரும்பகுதி எந்திரம் என்று அது சொன்னது. நான் என்னுடைய 2011ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை அதே கருவியில் போட்டேன். அதுவும் பெரும்பகுதி எந்திரம் என்றே வந்தது. 2011இல் அப்படியொரு எந்திரம் எனக்குக் கிடைத்திருந்தால் கைக்குழந்தையோடு அதை எழுதியிருக்க வேண்டியதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதே கட்டில் ஒரு மாணவனின் தாள் இருந்தது. பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அதில் இப்படி இருந்தது: ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர் தம் கைம்மைத் துயரைத் தாமே பாடுகிறார். தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய தடுமாற்றம் என்று. 248ஐப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தனார். ஆண். ஒக்கூர் மாசாத்தியார் வேறு. அவர் பாடியதாக எட்டுப் பாட்டுகள் கிடைக்கின்றன; புறநானூற்றில் அவருடையது 279ஆம் பாட்டு ஒன்றுதான். தந்தையையும் கணவனையும் போரில் இழந்தபின்னும் ஒரே மகனை அனுப்பிவைக்கிற பெண்ணைப் பற்றியது. ஒரே ஊர், ஒரே மாதிரிப் பெயர், ஒரு விகுதி வித்தியாசம். அந்த விகுதிதான் அங்கே எல்லாமும்.

ஏனென்றால் இந்தப் பாட்டில் வகுப்புக்குரிய கேள்வியே அதுதான். ஓர் ஆண் எதற்காகக் கைம்பெண்ணின் வாயை எடுத்துப் போட்டுக்கொண்டு பேசுகிறான்? அதை அவன் எங்கிருந்து கேட்டிருப்பான்? பக்கத்திலேயே 246 இருக்கிறது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தீயில் இறங்காதே என்று தடுக்கிற சான்றோர்களைப் பார்த்து, கைம்பெண்ணுக்கு நீங்கள் வைத்திருக்கும் சோற்றையும் கல்படுக்கையையும் எனக்குத் தெரியாதா என்று சீறுகிற பாட்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் ஆண் கேட்ட கைம்மையும் பெண் சொன்ன கைம்மையும் எங்கே பிரிகின்றன என்று ஒரு முழுப் பருவமும் பேசலாம். எந்திரம் ஆணைப் பெண்ணாக்கி, ‘பெண்ணின் நேரடி அனுபவம்’ என்று ஒரு பாராட்டும் வைத்து, அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. கூடவே சங்கப் பாட்டு மாதிரியே ஒலிக்கிற, எந்தத் தொகையிலும் இல்லாத இரண்டு அடிகளை மேற்கோளாகவும் கொடுத்திருந்தது. மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் 1998 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் சரிபார்த்திருக்கலாம். மாணவன் பார்க்கவில்லை. ஒன்பது மதிப்பெண் போட்டவரும் பார்க்கவில்லை.

இரண்டு பேரையும் அழைத்து, தலைக்குப் பத்து நிமிடம் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசச் சொல்வோம் என்றேன். “பையன் மேல எந்தப் புகாரும் இல்லையே” என்றார்கள். புகார் வந்தால்தான் விசாரிப்போம், புகார் யார்மேல் வரும் என்பதை மட்டும் விசாரிக்கமாட்டோம். கொஞ்சம் சத்தம் போட்டபிறகு இருவரையும் அழைத்தோம்.

பையன் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டான். “அம்மா, நைட்டு ஒரு மணி வரைக்கும் சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன். நேரமே இல்லம்மா.” அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மறுபடி எழுதித் தரச் சொன்னோம். அவள் வந்தாள். முதல் மூன்று நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெரியம்மாவைப் பற்றிக் கேட்டேன். அதன்பிறகு நாங்கள் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. அல்லிக்கும் ஆம்பலுக்கும் உள்ள வித்தியாசம் பற்றி என் சக ஆசிரியரிடமே ஒரு கேள்வி கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை. மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை.

வெளியே வந்து படிக்கட்டில் என்னிடம் அவள் சொன்னதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. “இனிமே கொஞ்சம் சுமாரா எழுதுறேம்மா. பிரச்சனை வராது பாருங்க.”

எந்திரம் மாணவர்களின் சிந்தனையை மழுக்கிவிடும் என்று கருத்தரங்கங்களில் பேசுகிறார்கள். மழுக்கலாம். ஆனால் இங்கே ஒரு பெண் எந்திரத்தைத் தொடாமலே தன்னை மழுக்கிக்கொள்ளத் தயாரானாள். நல்ல தமிழ் எழுதினால் சந்தேகம் வரும், அதுவும் இன்ன ஊரிலிருந்து, இன்ன வீட்டிலிருந்து வந்த பெண் எழுதினால் நிச்சயம் வரும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆங்கிலப் பள்ளியில் படித்த, நகரத்துப் பேராசிரியரின் மகள் அதே ஆறு பக்கத்தை எழுதியிருந்தால் ‘ரத்தத்திலேயே இருக்கு’ என்றிருப்போம்.

அதற்குப் பிறகு நான் நடத்தும் தாள்களில் வீட்டில் எழுதி வரும் ஒப்படைப்புக்குப் பாதி மதிப்பெண், அதைப் பற்றிப் பேசுவதற்குப் பாதி என்று வைத்திருக்கிறேன். எல்லோருக்கும். அறுபது பேர் இருக்கிற வகுப்பில் இது என்ன பாடு என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கௌரவ விரிவுரையாளர்களிடம் போய் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளத்துக்கு இப்போது செய்கிற வேலையே அதிகம்.

எந்திரத்துக்கு எதிராகவே நான் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துவிட வேண்டாம். நான் உறுப்பினராக இருக்கிற ஆய்வுக் குழு ஒன்றில் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர் இருக்கிறார். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், மாமியார் படுக்கையில். ஒப்பாரிப் பாடல்களைத் திரட்டி ஆராய்கிறார். 2022ஆம் ஆண்டு விதிமுறைகள்படி பெண் ஆய்வாளர்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் கிடைக்கும், 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. மாமியார் பராமரிப்புக்கு விடுப்பு எந்த விதியிலும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டு உட்காரும்போது அவருக்குச் சந்தேகம் வருகிறது. அமைப்பியல் என்றால் என்ன, இழத்தல் சடங்குகளைப் பற்றி மானிடவியலில் என்ன பேசியிருக்கிறார்கள். யாரைக் கேட்பது?

“ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும்னா நேரம் பாக்கணும், அவரு மூடு பாக்கணும், ரூமுக்குத் தனியாப் போகாம கூட ஒரு ஆளைத் தேடணும். கேட்டா, ‘இதுகூடத் தெரியாமயா பிஹெச்.டி.க்கு வந்த?’ம்பாரு. இது அப்படிக் கேக்காதுல்லம்மா.” அவருடைய நெறியாளர் ஒன்றும் விதிவிலக்கான கொடுமைக்காரர் அல்லர். நம் துறைகளில் சராசரி. ஆய்வு மாணவிகள் நெறியாளர் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறியதும், அவர் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அங்கே, அவமானப்படாமல் ஒரு கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அது அவருக்குக் கொடுத்த நூற்பட்டியலில் இரண்டு நூல்கள் உலகத்திலேயே இல்லை. கையில் எடுத்துப் பார்க்காத புத்தகத்தை அடிக்குறிப்பில் போடாதே என்று சொன்னேன், போடவில்லை. அது பெரிய ஆபத்தில்லை, பிடித்துவிடலாம். எனக்குக் கவலை வேறு. அது திட்டாது என்பது சரி. மறுக்கவும் மறுக்காது. அவர் என்ன சொன்னாலும் ‘மிகச் சிறந்த கேள்வி’ என்கிறது. ஆயுள் முழுக்கத் திட்டு வாங்கியவளுக்குப் பாராட்டு இனிக்கத்தான் செய்யும். ஆனால் அவருடைய இரண்டாவது இயலில் ஓட்டை இருந்தது, அதை யாராவது மதித்து உட்கார்ந்து மறுத்துப் பேச வேண்டியிருந்தது.

பெரிய விஷயம் ஒலிப்பதிவில்தான் நடந்தது. கைப்பேசியில் பதிந்த பாட்டுகளை எழுத்தாக்க அவர் ஒரு செயலியைப் பயன்படுத்தினார். நாற்பது மணி நேர ஒலிப்பதிவைக் கையால் எழுத அவருக்கு எங்கே நேரம்? செயலி ‘பொறந்தெடம்’ என்று பாடியதைப் ‘பிறந்த இடம்’ என்று எழுதியது. ‘ஒறமொற’ ‘உறவுமுறை’ ஆயிற்று. அது பரவாயில்லை, திரும்ப மாற்றலாம் என்று நினைத்தார். பிறகு, விளங்காத இடங்களைச் சீர்செய்து தரும்படி எந்திரத்திடம் கொடுத்தார். ஒரு பாட்டில், அப்பனை இழந்த பெண், பங்கு பிரிக்கிற அன்றைக்கு அண்ணன் தன்னைக் கூப்பிடவில்லை என்று பேர் சொல்லி அழுகிறாள். சீர்செய்து வந்த வடிவில் ‘உறவுகள் என்னை மறந்தன’ என்றிருந்தது.

தமிழ்நாட்டில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் 1989இல் வந்தது. அது பல ஊர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேராததைப் பொதுவிடத்தில், ஊர் முழுக்கக் கேட்க, அண்ணன் முகத்துக்கு எதிரே ஒரு பெண் சொல்ல முடிகிற ஒரே நேரம் எழவு வீடுதான். அழுகை என்ற பெயரில் அவள் புகார் கொடுக்கிறாள். எந்திரம் புகாரை எடுத்துவிட்டு அழுகையை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கு வஞ்சம் ஒன்றுமில்லை. அது படித்த எழுத்துத் தமிழில் பெண் பெரும்பாலும் அப்படித்தான் அழுதிருக்கிறாள். சொத்து கேட்டு அழுத தமிழ் அச்சில் ஏறியது குறைவு. அச்சில் ஏறியதிலும் இணையத்துக்கு வந்தது இன்னும் குறைவு. பாமாவும் சுகிர்தராணியும் எழுதிய மொழியையே டெல்லிப் பல்கலைக்கழகம் 2021இல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அங்கே ஒரு குழு உட்கார்ந்து செய்ததை இங்கே குழு இல்லாமலே நாசூக்காகச் செய்ய முடிகிறது.

ஆய்வாளர் மறுபடி அந்த ஊருக்குப் போனார். பாடிய அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், கைநாட்டு. இரண்டு வடிவத்தையும் வாசித்துக் காட்டியிருக்கிறார். எந்திரத்தின் வடிவத்தைக் கேட்டு அந்த அம்மா, “இது யாரு பாடுனது? நல்லாத்தான் இருக்கு. எவ வீட்டு எழவு?” என்றாராம். பிறகு, “நாளைக்கு என் பாட்ட யாரு கட்டுனதுன்னு கேட்டா, எம் பேரச் சொல்லுவியா, ஒம் பேரச் சொல்லுவியா?” என்றும் கேட்டிருக்கிறார்.

நம் ஆய்வேடுகளில் பாடியவர்கள் பின்னிணைப்பில் இருப்பார்கள். தகவலாளி: பெயர், வயது, சாதி, ஊர். பாட்டு முன்பக்கத்தில் ஆய்வாளரின் சேகரிப்பாக இருக்கும். இந்த முறை ஒவ்வொரு பாட்டின் கீழும், அவரவர் ஒப்புதலோடு, பாடியவர் பெயரைப் போட்டிருக்கிறோம். எழுத்தாக்கத்துக்குச் செயலியைப் பயன்படுத்திய விதத்தையும், அது எங்கெங்கே எதை மாற்றியது என்பதையும் முன்னுரையில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். குழுவின் மற்றோர் உறுப்பினருக்கு இரண்டும் பிடிக்கவில்லை. வாய்மொழி மரபுக்கு ஆசிரியர் கிடையாது என்கிறார். செயலியைப் பற்றி எழுதினால் புறத்தேர்வாளர், “அப்ப மீதியை யார் எழுதிக் கொடுத்தது?” என்று கேட்பார், எதற்கு வம்பு என்கிறார். கேட்கட்டும், பதில் பக்கம் போட்டு இருக்கிறது என்றேன். நெறியாளர் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

அடுத்த கூட்டம் தை கடைசியில். அதற்குள் அந்தப் பங்குப் பாட்டைப் பாடியபடியே தட்டச்சு செய்து முடிக்க வேண்டும். ‘பொறந்தெடம்’ என்று அடிக்கிறபோதெல்லாம் கைப்பேசி திருத்திக்கொண்டே இருக்கிறதாம். நேற்று ராத்திரி அந்தத் திருத்தும் வசதியையே அணைத்துவிட்டதாகப் பதினொன்றரைக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். கூடவே, இருபத்துமூன்று பாட்டு முடிந்தது, இன்னும் பதினொன்று இருக்கிறது என்றும்.